படி மிதிக்காத தேனீக்கள்

பங்காளி பச்சைமுத்துவின் தேனைத்தான் செஞ்சியே தேடி வாங்கியது. ராஜாங்கத்துக்கு வயிறு எரிந்தது. வேலிக்கு அப்பால் அவன் பெட்டியைத் திறந்து தேனீக்கள்மேல் சர்க்கரைப் பொடி தூவுவதைக் கண்டதும் குதித்தார்.

“இன்னாடா, சர்க்கரையத் தின்ன வச்சுத் தேன்னு விக்கிறியா? குடும்ப மானமே போச்சு!”

“இல்லண்ணா, தேனீ ஒடம்புல உண்ணி ஒட்டிக்கினு ரத்தம் குடிக்குது. பொடி தூவுனா வழுக்கி வுழுந்துடும். எங்கிருந்தோ தேன் திருட வர்ற தேனீங்கதான் உண்ணியக் கொண்டாருது.”

“எந்தக் கேடுகெட்டவன் வூட்டுதோ! என் வூட்டுத் தேனீ அடுத்தவன் வாசப்படி மிதிக்காது.”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீடு திரும்பினார். மனைவி குஞ்சம்மாள் தங்கள் தேனீப் பெட்டியருகே மலைத்து நின்றிருந்தாள்.

“இன்னாங்க, நம்ம தேனீங்க மாவுல பொரண்டாப்புல வெள்ளவெளேர்னு வூட்டுக்கு வருதே?”