ஆராய்ச்சிக்கு ஒரு பை

"கெத்தின்? நீ எங்கடா இங்க?"

உணவு வங்கியின் நீள மேஜைக்குப் பின்னால், ஏப்ரனின் முடிச்சை இறுக்கியபடி நின்றாள் அவன் அம்மா ஐர்வென்.

கெத்தினுக்குக் காது சுட்டது. கார்டிஃப் நகரில் தன்னோடு எழுதுகிறவர்கள் யார் கண்ணிலும் படக் கூடாது என்றுதான் இரண்டு பஸ் மாறி இந்தத் தேவாலயக் கூடத்துக்கு வந்திருந்தான். அம்மாவின் ஊரோ மலைக்கு அந்தப் பக்கம். இலவச மளிகைக்கான சீட்டை, கோட்டுப் பைக்குள் விரல்களால் கசக்கினான்.

மகன் டி.வி.க்குக் கதை எழுதுகிறான் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். எழுதுவது உண்மைதான். முதல் திரைக்கதையை நான்காவது முறையாகத் திருத்திக்கொண்டிருந்தான். படப்பிடிப்பு முடிவானால்தான் பணம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. இரண்டு நாளாக வயிற்றில் தேநீர் மட்டும்தான்.

"ஆராய்ச்சிம்மா," என்றான். "கதையில இந்த மாதிரி ஒரு இடம் வருது. நேர்ல பார்த்து எழுதச் சொன்னாங்க. நீ எப்படி இங்க? பிஸ்கட் ஃபேக்டரிக்குப் போகலையா?"

"வியாழக்கிழமை எனக்கு ஷிப்ட் இல்லடா. வீட்டுல உக்காந்து சுவத்தையா பார்க்கறது? ஒத்தாசைக்கு வந்தேன். இல்ல, நெஸ்டா?"

பக்கத்தில் நின்ற பருமனான நெஸ்டா, கைகளை ஸ்வெட்டரில் துடைத்துக்கொண்டே அம்மாவைப் பார்த்தாள். "ஆமாமா. ஐர்வென் இல்லாட்டி எனக்குக் கையே ஓடாது."

"கேளுடா. எழுத்தாளர் வந்துட்டு சும்மா நிக்கலாமா?"

கெத்தின் நோட்டை எடுத்தான். மேஜை ஏறக்குறையக் காலி. ஓரத்தில் ஒரே ஒரு பை கட்டி வைத்திருந்தது. அதைப் பார்க்காமலிருக்கப் பாடுபட்டான்.

"இங்க வர்றவங்க எப்படி இருப்பாங்க?"

"கொம்பா முளைச்சிருக்கும்? உன்ன மாதிரி, என்ன மாதிரிதான். ஆனா முதல் தடவை நேரா உள்ள வர மாட்டாங்க. எதிர்ல பஸ் ஸ்டாப்புல உக்காந்து, பஸ்ஸுக்குக் காத்திருக்கற மாதிரி நடிப்பாங்க. மழை வந்தா, ஒதுங்கற சாக்குல நுழைவாங்க."

அந்த பஸ் ஸ்டாப்பிலிருந்துதான் அவன் வந்திருந்தான். தலைமுடியில் இன்னும் ஈரம். நிமிராமல் எழுதினான்.

"அப்புறம்?"

"பையை வாங்கினதும் நன்றி சொல்ல மாட்டாங்க. உடனே நன்றி கெட்டதுங்கன்னு எழுதிடாதே. வாயைத் திறந்தா அழுதுடுவோம்னு பயம்."

நெஸ்டா எதற்கோ இருமினாள்.

"போதும்மா. நான் கிளம்பறேன்."

"பையில என்ன இருக்குன்னு தெரியாம என்னத்த எழுதுவ?" ஓரத்திலிருந்த பையை எடுத்து நீட்டினாள் அம்மா. "பீன்ஸ், பாஸ்தா, மீன் டின், கொஞ்சம் தேயிலை. சமைச்சும் பாரு. ருசி தெரியாதவன் எழுதினா டி.வி.யில பல்லிளிச்சிடும்."

"வேண்டாம்மா. தேவைப்படறவங்களுக்கு..."

"மிஞ்சினதுதாண்டா. யாரும் கேக்க மாட்டாங்க. பிடி."

நெஸ்டா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

கெத்தின் பையை வாங்கிக்கொண்டான். நன்றி சொல்ல நாக்கு எழவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு மழையில் இறங்கினான்.

பத்தடி கூடப் போகவில்லை, கால் கூசியது. பெற்றவளிடமே பொய் சொல்லி வாங்கிய சோறு. எடுத்த பைக்குச் சீட்டையாவது யாருக்கும் தெரியாமல் வைத்துவிட்டுப் போகலாம் என்று திரும்பி வந்தான்.

ஒருக்களித்திருந்த கதவுக்குள்ளிருந்து நெஸ்டாவின் குரல் கேட்டது.

"முதல்ல என் ஏப்ரனைக் கழட்டிக் குடு. அவன் பஸ் ஸ்டாப்புல உக்காந்திருக்கறதைப் பார்த்துட்டு என்கிட்டேருந்து அவுத்து மாட்டிக்கிட்ட, சரி. ஃபேக்டரி மூடினதை மறைச்ச, அதுவும் சரி. உன் சீட்டுக்குன்னு கட்டி வெச்ச கடைசிப் பையையும் தூக்கிக் குடுத்துட்டியே ஐர்வென், இந்த வாரம் நீ என்னத்த சாப்பிடுவ?"