சீரியல் நேரத்து வோல்டேஜ்

"டிவியை நிறுத்துங்கடி! ஒரு ரூமுக்கு எதுக்கு ரெண்டு லைட்டு? ஒண்ணு போதும்!"

வாசலில் சரசம்மாவின் குரல் கேட்டதும் வினிதா எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டாள். ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டாள். தோளில் குழந்தை. அறை நடுவே, சிவந்த கம்பியோடு ரூம் ஹீட்டர்.

"வந்துட்டாங்கய்யா, கரண்டுக்குக் காவல்காரம்மா!" என்றான் பிரதாப்.

"மெதுவாப் பேசுங்க. ஹீட்டர் போடறது தெரிஞ்சா நாளைக்கே காலி பண்ணச் சொல்லிடுவாங்க. இந்தக் குளிர்ல இவளைத் தூக்கிட்டு எங்க போறது?"

வீட்டுக்காரம்மாதான் சரசம்மா. குடிவந்த அன்றைக்கே கன்னடம் கலந்த தமிழில் வேண்டாமென்று சொல்லிவிட்டாள். "இந்த லைன்ல அஞ்சு வீட்டுக்கும் ஒரே ஒயர்ல கரண்டு வருது. ஹீட்டர் கீட்டர் எல்லாம் பேடவே பேடா!"

ஆனால் குறைமாதத்தில் பிறந்துவிட்ட குழந்தை. இரண்டு கிலோகூட இல்லை. மார்கழி மாத ஓசூர்க் குளிரில், எத்தனை துணி சுற்றினாலும் பாதம் சில்லென்றே இருந்தது. கதகதப்பாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் டாக்டர். ஒவ்வொரு தும்மலுக்கும் வினிதாவுக்கு உயிர் போய் வந்தது.

பயந்து பயந்து வாங்கிய ஹீட்டரும் முதல் வாரம் காலை வாரியது. பொழுது சாய்ந்தால் போதும், கம்பி மங்கிவிடும்.

"கடைக்காரன் டூப்ளிகேட்டைத் தலையில கட்டிட்டான்," என்று பிரதாப் கம்பெனியிலிருந்து டாங் டெஸ்டரை இரவல் வாங்கி வந்தான். ஒயரை வெட்டாமல், இடுக்கி மாதிரி கவ்வியே கரண்டை அளக்கிற மீட்டர். ஹீட்டர் ஒயரைக் கவ்வினான். பூஜ்யம் காட்டியது.

"பாத்தியா, செத்தே போச்சு!"

"ரெண்டு ஒயரையும் சேத்துக் கவ்வினா போற கரண்டும் வர்ற கரண்டும் கழிஞ்சு போயிடும்ங்க. ஒண்ணை மட்டும் பிரிச்சுக் கவ்வுங்க."

"கான்வென்ட்ல இதெல்லாமா சொல்லிக் குடுத்தாங்க?"

"பிசிக்ஸ் சிஸ்டர், ஸ்கேலாலேயே சொல்லிக் குடுத்தாங்க."

பிரித்துக் கவ்வினான். மூன்று ஆம்பியர். ப்ளக்கில் வோல்டேஜ் நூற்று அறுபது.

வினிதா விரலைக் காற்றில் ஓட்டினாள். "வோல்டேஜை கரண்டால வகுத்தா ரெசிஸ்டன்ஸ். அம்பத்து மூணு ஓம் சொச்சம். ஆயிரம் வாட்ஸ் ஹீட்டருக்கு அது சரிதான். கடைக்காரரைத் திட்டாதீங்க. ரெண்டையும் பெருக்கினா பவர். நானூத்தி எண்பது வாட்ஸ். பாதிகூட வரலைங்க!"

"அப்ப யாரைத்தான் திட்டறது?"

"வோல்டேஜை. இந்த நேரத்துக்குத்தானே எல்லா வீட்லயும் டிவி, மிக்ஸி, அயர்ன் பாக்ஸ்..."

"எல்லாத்துக்கும் மேல அந்தம்மாவோட தண்ணி மோட்டார்!"

அது போன வாரம். இந்த வாரம் என்ன அதிசயமோ, சீரியல் ஆரம்பிக்கிற நேரத்தில் கம்பி ஜம்மென்று சிவந்தது. பிரதாப் இப்போது மறுபடியும் மீட்டரை மாட்டினான்.

"வோல்டேஜ் இருநூறு. கரண்ட் மூணே முக்கால். கணக்கு டீச்சர், சொல்லுங்க."

"ரெசிஸ்டன்ஸ் அதேதான், மாறல. பவர்... எழுநூத்தி அம்பது! ஐயோ, எழுநூத்தி அம்பதுங்க!"

குழந்தையின் பாதத்தைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். வெதுவெதுவென்று இருந்தது. பிரதாப்பும் முகத்தைக் கொண்டுவந்தான். மூக்கில் ஒரு உதை விழுந்தது.

"உதைக்கிறாடி! உன் பொண்ணு என்னை உதைக்கிறா!"

"ஆனா என்னங்க, ஊரே டிவி பாக்கற நேரத்துல வோல்டேஜ் இறங்கத்தானே செய்யணும்?"

"அந்தம்மாவோட கஞ்சத்தனம். அஞ்சு வீட்டையும் இருட்டுல உக்கார வெச்சு மிச்சம் பிடிக்குது. அது நமக்கு வோல்டேஜா வருது. கஞ்சம் வாழ்க!"

கதவு தட்டப்பட்டது.

பிரதாப்பின் சிரிப்பு நின்றது. வேறு வழியில்லை, திறந்தான். டார்ச்சோடு சரசம்மா. அவள் பார்வை நேராக ஹீட்டருக்குப் போனது.

"அம்மா... பாப்பாவுக்காகத்தான்... இப்பவே அணைச்சிடறோம்." வினிதாவின் கை சுவிட்சுக்குப் போனது.

"பேடா, பேடா! அதுல கை வெக்காதே!"

சரசம்மா உள்ளே வந்து குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் வாசல் பக்கம் திரும்பி ஒரே கத்தல்.

"ஏ ஜெய்னப்! சூடு வந்துடுச்சுடி! காலு கதகதன்னு இருக்குது!"

பக்கத்து வீட்டு இருட்டிலிருந்து ஜெய்னப்பின் குரல் வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்! அப்ப சீரியல் போனாப் போகட்டும் சரசம்மாக்கா!"

வினிதாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நாங்க ஹீட்டர் போடறது... உங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

"திரை போட்டா செவப்பு வெளிச்சம் தெரியாதா? நீதானே கண்ணு, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்த அன்னிக்கு, செல்போன்ல கர்நாடகா டவர் இழுக்குதுன்னு வாசல்ல நின்னு உங்கம்மாகிட்ட கத்தினே? 'பாப்பாவுக்கு ரெசிஸ்டன்ஸ் பவர் ரொம்பக் கம்மின்னு டாக்டர் சொல்றாரும்மா'ன்னு அழுதியே, லைனே கேட்டுச்சு."

சரசம்மா போர்வையை இழுத்துக் குழந்தையின் காதை மூடினாள்.

"ரெசிஸ்டன்ஸ்னா என்னன்னு எங்கள்ல யாருக்கும் தெரியல. பவர்னா தெரியும். அதான் எங்க வீட்டுதை எல்லாம் அணைச்சுட்டு உன் வீட்டுக்கு விட்டோம்."