ஆடாத ஸ்டாண்டு

"ஆளு எவ்வளவு உயரம் மேடம்?" அளவு டேப்பை இழுத்துப் பிடித்தபடி கேட்டார் கடைக்காரர்.

"எங்க வீட்டு வாசல்ல குனிஞ்சுதான் நுழைவான்" என்றாள் அவள்.

"தம்பியா? அவரையே கூட்டிட்டு வந்திருக்கலாமே. நின்னு பார்த்து வாங்கினா தோதா இருக்கும்."

"அவனால வர முடியாது."

செத்துப்போன தம்பிக்குக் கீபோர்டு ஸ்டாண்டு வாங்க வந்திருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

தம்பி கச்சேரிகளில் கீபோர்டு வாசித்தவன். அவனுடைய கீபோர்டுகள் இரண்டும் அவன் அறையில் ஒன்றின் மேல் ஒன்றாக அப்படியே இருந்தன. இரண்டுமே நல்ல கனம். கீழே இருப்பதில் பியானோ போல அழுத்தமான கட்டைகள். மேலே இருப்பதில் தொட்டாலே இறங்கும் லேசான கட்டைகள்.

மருந்துக் கடையில் காலை வேலை முடிந்து வந்து, மதியம் அவள் கண்ணயரும் நேரத்தில்தான் அது ஆரம்பிக்கும். சுவருக்கு அந்தப் பக்கம், சாத்தியிருக்கும் அறைக்குள், கட்டைகளைத் தட்டும் சத்தம். பாட்டு இல்லை, சுரம் இல்லை. அழுத்தமான கட்டைகள் தொப் தொப்பென்று விழ, நடுநடுவே லேசான கட்டைகள் படபடக்கும். கூடவே பழைய ஸ்டாண்டு கிறீச்சிடும்.

தம்பி ஹெட்போனை மாட்டிக்கொண்டு பழகும்போது வீட்டுக்குக் கேட்கும் அதே சத்தம்.

அவள் போர்வையைத் தலையோடு இழுத்து மூடிக்கொள்வாளே தவிர, எழுந்து போய்ப் பார்க்கும் தைரியம் ஒருநாளும் வந்ததில்லை.

பொறுக்க முடியாமல் ஒருநாள் அம்மாவிடம் கேட்டாள். "மத்தியானம் தம்பி ரூம்ல ஏதோ சத்தம் வருதும்மா. உனக்குக் கேக்குதா?"

"கேக்குதே" என்றாள் அம்மா, துணி மடிப்பதை நிறுத்தாமல். "அந்த ஸ்டாண்டு ரொம்ப ஆடுதுடி. நல்லதா ஒண்ணு வாங்கிப் போடு."

தம்பி போனதிலிருந்து சோறு வேண்டும் என்றுகூடக் கேட்காத அம்மா, வாய் திறந்து கேட்ட முதல் பொருள் அதுதான். அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. மறுக்கவும் மனசு வரவில்லை.

"இந்தக் கத்தரிக்கோல் மாதிரி மடங்குறது வேணாம் மேடம். ரெண்டு கனத்தையும் ஏத்தினா டான்ஸ் ஆடும்" என்றார் கடைக்காரர். "இதைப் பாருங்க. நாலு கால், கெட்டி இரும்பு. மேல் தட்டைத் தனியா ஏத்தி இறக்கிக்கலாம். ஆனையே ஏறி நின்னாலும் அசையாது."

சொன்னதோடு நிற்காமல் தன் பாரம் முழுவதையும் அதன்மேல் போட்டுச் சாய்ந்து காட்டினார். அவர் உடம்பைப் பார்த்தபோது, ஆனை எதற்கு, இந்தச் சோதனையே போதும் என்று அவளுக்குத் தோன்றியது.

அந்த நேரம் பார்த்து அம்மா போன் செய்தாள். "கீழ் தட்டை உக்கார்ற உயரத்துக்கு வைக்கச் சொல்லு. மேல் தட்டு தம்பி உயரத்துக்கே இருக்கட்டும்."

அவள் அதை அப்படியே சொல்ல, கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "அப்படி வச்சா உக்கார்றவருக்கு மேல எட்டாது, நிக்கிறவருக்குக் கீழ எட்டாதே?"

"அம்மா சொன்ன மாதிரியே இருக்கட்டும்" என்று பேச்சை முடித்தாள் அவள்.

அன்றைக்கே கடைக்காரர் ஆளோடு வந்து, ஸ்டாண்டைப் பூட்டி, கீபோர்டுகளை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் மதியம். கிறீச்சிடும் சத்தம் அறவே இல்லை. ஆனால் தட்டும் சத்தம் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. தொப் தொப்பென்று ஒன்று. அதற்குப் பதில் சொல்வதுபோலப் படபடவென்று இன்னொன்று.

இப்படி எத்தனை நாள் பயந்து சாவது? அவள் போர்வையை உதறிவிட்டு எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டே போய், கதவைத் தள்ளினாள்.

உள்ளே அம்மா. நாற்காலியில் உட்கார்ந்து, காதில் தம்பியின் ஹெட்போன், கண்கள் மூடியிருக்க, விரல்கள் கட்டைகளின் மேல்.

"அட, நீயா!" அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அப்படியே தரையில் உட்கார்ந்து அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "இத்தனை நாளா என் உயிரை வாங்கிட்டியேம்மா. பேயோ பிசாசோன்னு நடுங்கிட்டுக் கிடந்தேன்."

அம்மா ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாள். "கத்துத் தரேன் வாம்மான்னு எத்தனையோ தடவை கூப்பிட்டான். அடுப்புல வேலை இருக்குன்னு தட்டிக் கழிச்சேன். சொன்னா நீ சிரிப்பேன்னு, நீ தூங்கினதும் வந்து தட்டிப் பார்ப்பேன்."

மனசிலிருந்து பாறாங்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"சும்மா சொல்லக் கூடாது. தம்பியே வாசிக்கிற மாதிரி மேலயும் கீழயும் ஒரே நேரத்துல வெளுத்து வாங்குறியே!"

அம்மா அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"நான் கீழ இருக்கிறதை மட்டும்தானேடி வாசிக்கிறேன்."