முதல் பெஞ்சில் ஒருவர்

“அவருக்கென்ன கேக்கவா போகுது, தாராளமா பேசுங்க அண்ணி. எங்க குழுவுக்கு வர்றீங்களா, இல்லையா?”

கேட்ட நாத்தனார் ஆலயத்துப் பாடகர் குழுவின் முதல் குரல். ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்துவிட்டது. ‘காது கேளாதோருக்கு’ என்று அட்டை வைத்த முதல் பெஞ்சில் தச்சர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

அண்ணிக்குச் சபையில் ‘சைகை அக்கா’ என்று பெயர். காது கேளாதோர் பள்ளி விடுதியில் வேலை. ஞாயிறுதோறும் போதகர் பேசப் பேச, மேடை ஓரத்தில் நின்று அத்தனையையும் கையால் சொல்வாள். ஒரு காலத்தில் அந்த பெஞ்சில் ஏழு பேர் இருந்தார்கள். வீடு மாறி, வேலை மாறி எல்லோரும் போய், இப்போது இந்தத் தச்சர் ஒருவர்தான் மிச்சம்.

ஒரு வருடமாக வருகிறார். வைத்த கண் வாங்காமல் அவள் விரல்களையே பார்ப்பார். பதிலுக்கு அவர் செய்யும் சைகைதான் தட்டுத் தடுமாறி வரும். பாவம், மரம் அறுக்கிற மெஷின் சத்தத்தில் காது போயிருக்கும் என்று அவளே முடிவு கட்டியிருந்தாள்.

“நீ பாடினா சபையே கண்ணைத் துடைக்குது. நான் ஒத்த ஆளுக்காக ஒன்றரை மணி நேரம் கையை ஆட்டிட்டு நிக்கிறேன். ஆண்டவர் உனக்குக் குரலைக் கொடுத்தாரு, எனக்கு இதைக் கொடுத்தாரு. ஆசை எனக்கு மட்டும் இருக்காதா?” என்றாள் அக்கா.

“அதான் கூப்பிடறேன். உங்க குரலும் ஒண்ணும் மோசமில்ல.”

நாத்தனார் வாயிலிருந்து அப்படி ஒன்று வருவது லேசுப்பட்ட காரியமில்லை. அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“இவரை என்ன பண்றது?”

“ஒருத்தர்தானே. பிரசங்கத்தை எழுதிக் கொடுத்தா வாசிச்சுக்கட்டும்.”

நாத்தனார் போன பிறகு, அக்கா தச்சர் முன்னால் வந்து நின்றாள். மனசு கேட்கவில்லை. ஆனாலும் கையை அசைத்தாள். ‘அடுத்த வாரத்திலிருந்து நான் இங்கே நிற்கமாட்டேன். பாடப் போகிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.’

தச்சர் எழுந்து இரண்டு கைகளையும் கூப்பினார். பிறகு வாயைத் திறந்தார்.

“நல்லாப் பாடுங்கம்மா. போறதுக்கு முன்னாடி நன்றி சொல்லிக்கிறேன். எனக்குக் காது நல்லாவே கேக்கும். சொன்னா இந்த பெஞ்ச்ல உக்கார விடமாட்டாங்களோன்னுதான் வாயே திறக்கல. எம்பொண்ணுக்குத்தான் பிறந்ததிலிருந்தே கேக்காது. அவகூட கையால பேசத் தெரிஞ்சது அவ அம்மாவுக்கு மட்டும்தான். என் சம்சாரம் இறந்தப்புறம் வீட்டுல பேச்சே இல்லாமப் போச்சு. பிரசங்கத்தைக் காதால கேட்டுக்கிட்டே, உங்க கையைப் பார்த்துத்தான் ஒவ்வொரு வார்த்தையா பழகினேன். நேத்து நான் போட்ட காப்பி வாயில வைக்க முடியலைன்னு எம்பொண்ணு கையாலேயே என்கூட ஒரு மூச்சு சண்டை போட்டா. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம், ஒரு வார்த்தை விடாம புரிஞ்சுதும்மா.”

‘அடுத்த ஞாயிறு அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், நான் இங்கேதான் நிற்பேன்’ என்று அக்காவின் கைதான் சொன்னது.