வெள்ளிக்கிழமைக் கப்பல்

ராமையா காய்ச்சலில் இறந்த பத்தாம் நாள், அவன் மனைவி பேச்சியம்மா மலாயாவின் பாடாங் மேஹா ரப்பர் தோட்டத்திலிருந்து கூலிம் டவுனுக்கு நடந்தாள். பினாங்கிலிருந்து நாகப்பட்டினம் போகும் கப்பலுக்கு இருவருக்குமாகக் கட்டியிருந்த முன்பணம் திரும்பக் கிடைத்தால்தான் கருமாதி நடக்கும்.

கப்பல் ஏஜென்ட் கடையில் வல்லிபுரம் என்கிற யாழ்ப்பாணத்துக் கிராணி கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

"நாங்க ஊருக்குப் போகலைங்கய்யா. கட்டுன காசத் திருப்பிக் குடுங்க."

"நேற்றுத்தானே உங்கடை மனுசன் வந்தவர்? நீங்கள் காசு கேட்டு வருவியள், குடுக்க வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டுப் போனவர். வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் போறியளாம்."

"அது வேற யாராச்சும் இருக்கும்யா."

"ராமையாதான். முன்பணம் கட்டேக்கை கண்ட முகம். காலிலை ஏதும் வருத்தமோ? ரெண்டு பாதத்தையும் ஒட்ட வைச்சு, அரக்கி அரக்கித்தான் படியேறினவர்."

பேச்சியம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

பிணத்தின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிய துணியை, குழியில் இறக்குமுன் அவிழ்த்துவிட வேண்டும். ராமையாவைப் புதைத்த அன்று நல்ல மழை. ஆட்களை வேலைக்குத் திருப்பக் கங்காணி அவசரப்படுத்தினார். புதைத்துவிட்டு வந்து தலை முழுகும்போதுதான், அவிழ்க்க மறந்தது ஆண்களுக்கு ஞாபகம் வந்தது. இனிமேல் தோண்டவா முடியும் என்று விட்டுவிட்டார்கள்.

"பாவமாக் கிடந்துது, இறங்கேக்கை கை குடுக்கப் போனன்," என்றார் வல்லிபுரம். "வேண்டாமாம். கப்பலிலை வைச்சு நீங்கள் அவிழ்த்துவிடுவியளாம்."