மூன்று மணி விதி

தூத்துக்குடி விமான நிலையச் சோதனை வாசலில் சகாயமேரிக்கு அது காவல் வேலையின் பத்தாவது மணி நேரம். விதி மணிக்கு மணி மாறும். இரண்டு மணிக்குச் சின்னக் கத்திக்கு அனுமதி இருந்தது. மூன்று மணிக்கு இல்லை. பயந்த மனசுக்கு எப்போதுமே அனுமதி இல்லை. வாசல் நெஞ்சைப் படித்துச் சிவப்பு காட்டிவிடும்.

கைக்குழந்தையோடு வந்த ஷர்மிளாவுக்குப் பச்சைதான் எரிந்தது. ஆனால் குழந்தையின் துணிப்பையில் ஒரு பேனாக்கத்தி.

"இதை விட்டுட்டுப் போங்கம்மா."

"பச்சப்புள்ள பக்கத்துல இரும்பு இருக்கணும்க்கா. கிளம்பறப்ப ஃபோன்ல பார்த்தேன், சரின்னுதான் போட்டிருந்துச்சு."

"இப்ப மாத்திட்டாங்க. நான் என்னம்மா செய்ய?"

கத்தியை எடுத்ததும் வாசல் சிவந்தது. 'பயப்படாதீர்கள்' என்றது ஒலிபெருக்கி. சிவப்பு இன்னும் கூடியது. விமானம் கிளம்பப் பத்து நிமிடம்தான் இருந்தது.

சகாயமேரி பெருமூச்சு விட்டாள். இடுப்பிலிருந்த வீட்டுச் சாவியைக் கழற்றிக் குழந்தையின் துணிக்குள் செருகினாள். "இதுவும் இரும்புதான். போங்க."

வாசல் பச்சையானது.

நான்கு மணிக்குக் கத்திக்கு மறுபடி அனுமதி வந்தது. வேலை முடிந்து போன சகாயமேரி, அந்தப் பேனாக்கத்தியை வைத்துத்தான் தன் வீட்டுப் பூட்டை நெம்பினாள்.