எழுத்தில்லாத கம்பி

“ப்பா, நோட்டுக்குள்ள இந்தக் கம்பிய எப்டிப்பா நொழைச்சாங்க?”

நர்மதா ஆறு வயதில் கேட்ட கேள்வி. கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்காலையில் ஃபிட்டராக இருந்த தணிகாசலத்துக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்துகொள்ளப் போனவர், புழக்கத்துக்கே வராத, மடிப்பு விழாத பழைய நோட்டுகளைச் சேர்க்க ஆரம்பித்துவிட்டார். எழுத்துள்ள கம்பி, எழுத்தில்லாத கம்பி, விட்டுவிட்டு வெளியே தெரியும் கம்பி என்று ஆல்பம் கனத்தது.

இப்போது நர்மதாவுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை மாலைக்குள் பணம் கட்ட வேண்டும். எழுத்தில்லாத கம்பி ஓடும் நூறு ரூபாய் நோட்டு ஒன்றுக்கு நாற்பதாயிரம் தருவதாகச் சொன்ன சென்னைக்காரர், அன்று காலை வருவதாக இருந்தார்.

ஞாயிறு மதியம் பார்த்திபன் வந்தான். அதே ஆலையில் ஃபிட்டர். அவனுக்கும் நோட்டுப் பைத்தியம். அவன் சட்டைப் பையில், இரண்டு அட்டைகளுக்கு நடுவே ஒரு நூறு ரூபாய் நோட்டு இருந்தது. கூடவே ஒரு சின்ன இடுக்கியும்.

“நாளைக்கிப் போயிடுமே, கடைசியா ஒருதபா பாத்துட்டுப் போலாம்னு வந்தேண்ணா.”

“போன வாரம்தான் லைட்டுல புடிச்சி அரை மணி நேரம் பாத்த. மோந்து வேற பாத்த” என்றாள் தணிகாசலத்தின் மனைவி திலகவதி. “அது இன்னா நோட்டா, மீன் கொழம்பா?”

“உங்க கொழம்பு இந்த வாசனையில பாதிகூட வராது அண்ணி.”

“அப்ப இன்னிக்கி இங்க உனக்கு சோறு கெடையாது.”

தணிகாசலம் சிரித்தபடி ஆல்பத்தை விரித்தார். இரண்டு கண்ணிலும் புரை. பக்கங்களைத் தடவித்தான் அந்த இடத்துக்கு வந்தார்.

“இதும்மேல உனக்கு எப்பவும் ஒரு கண்ணுடா.”

“ரெண்டு கண்ணும்தாண்ணா. பூதக்கண்ணாடி எங்க?”

அவர் அதைத் தேடி உள்ளே போனார்.

“அண்ணி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி.”

திலகவதி அரை மனதாக எழுந்தாள்.

சுவரிலிருந்து திருத்தணி முருகன் பார்த்துக்கொண்டிருந்தார். “மன்னிச்சிக்கோ முருகா” என்று முணுமுணுத்து, பார்த்திபன் இடுக்கியை எடுத்தான். உறையிலிருந்த நோட்டு பைக்கும், பையிலிருந்த நோட்டு உறைக்கும் இடம் மாறின. தண்ணீர் வந்தபோது அவன் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அவன் கிளம்பியதும் திலகவதி முதல் வேலையாக ஆல்பத்தைத் திறந்து பார்த்தாள். நூறு ரூபாய் நோட்டு உறைக்குள் இருந்தது. “நல்லவேள, கீது” என்று மூடி வைத்தாள்.

ஊத்துக்கோட்டை பஸ்ஸில் கண்டக்டர் வந்ததும், பார்த்திபன் பையிலிருந்த அந்த நோட்டையே நீட்டினான்.

கண்டக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். “இன்னா நைனா, கம்பியெல்லாம் நெளிஞ்சி கீது? செல்லுமா?”

“டிக்கெட்டுக்குச் செல்லும். வேற எதுக்கும் செல்லாது.”

கண்டக்டர் நோட்டை மடித்துத் தோல்பையில் போட்டுவிட்டு, மீதிச் சில்லறையைக் கொடுத்தார்.

போன மழையில் தணிகாசலத்தின் வீட்டுக்குள் வெள்ளம் வந்தபோது நனைந்த நோட்டு அது. திலகவதி யாரிடமும் சொல்லாமல் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து உலர்த்தி, திரும்ப உறைக்குள் வைத்துவிட்டாள். தேய்த்த நோட்டுக்கு எந்தச் சேகரிப்பாளரும் நூறு ரூபாய்க்கு மேல் தரமாட்டார் என்பது அவளுக்குத் தெரியாது. இஸ்திரிச் சூட்டில் கம்பி நெளிந்திருப்பது தணிகாசலத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை. பார்த்திபனுக்குப் போன வாரமே தெரிந்துவிட்டது.

அவன் கை நசுங்கிப் படுத்திருந்த நாற்பது நாளும், வேலை போய்விடக் கூடாதென்று தன் ஷிஃப்ட் முடிந்த கையோடு அவனுடைய ஷிஃப்டிலும் நின்ற தணிகாசலத்தின் ஆல்பத்தில் இப்போது இருந்தது, பார்த்திபன் இரண்டு வருட தீபாவளி போனஸைக் கொடுத்து வாங்கிய, அதே எழுத்தில்லாத கம்பி ஓடும், மடிப்பே விழாத நூறு ரூபாய்.